குளமில்லாத குளக்கரைப் பள்ளி

அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்கேல் சார்’ என்று பெயர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார், ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் இல்லாமல் வரமாட்டார். நகரத்தின் பள்ளிக் கட்டடப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வரைபடம் போட்டவர். பொறியாளர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள், பதவி உயர்ந்து மேலே போவார்கள். இவர் அதே சாய்வு மேசையில், அதே ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதையெல்லாம் கோடாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோடு நேராக இருக்கும், வாய் அதிகம் திறக்காது. இரண்டாவது குணத்துக்காகத்தான் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அவர் மனைவி குளக்கரைப் பள்ளியின் தலைமையாசிரியை. வீட்டிலும் அவரை இவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, நாளாவட்டத்தில் அதுவே பெயராகிவிட்டது. டீச்சருக்கு வாய்க்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கு வேண்டியதை எந்த அலுவலகத்தின் படியேறியும் வாங்கி வந்துவிடுவார். “உங்க பங்குக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கு” என்று கணவரிடம் சொல்வார். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு நிலம் குலுங்கியது. நாற்பது விநாடி. அலமாரி சாய்ந்தது, பின்னறைச் சுவர் பிளந்தது, தெருவே ஒரு குரலாகக் கத்தியது. தூசி அடங்கியதும் டீச்சர் செய்த முதல் காரியம், ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் கணவர் செருப்புமாகப் பள்ளிக்கு ஓடியது. இவர் வெறுங்காலோடு பின்னால் ஓடினார்.

பள்ளியின் மேல் மாடி கீழ் மாடியின்மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு தளத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளிகூட இல்லை. ஒன்பது மணிக்குத்தான் மணியடிக்கும் என்பதால் பிள்ளைகள் யாரும் இல்லை. ஆனால் ஆயாம்மா இருந்தார். வகுப்பறைகளைப் பெருக்க ஆறே முக்காலுக்கே வந்துவிடுகிறவர். படிக்கட்டுக்கு அடியில் கிடந்தவரை அக்கம்பக்கத்தார் மதியம் வெளியே எடுத்தார்கள். உயிர் தப்பியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

“இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா...” நகரத்தில் அந்த மாதம் முழுக்க எல்லோரும் இந்த வாக்கியத்தை ஆரம்பித்தார்கள். யாரும் முடிக்கவில்லை.

நகரத்தின் அரசுப் பள்ளிகள் எண்பத்து மூன்று. முப்பத்தொன்று விழுந்துவிட்டன. இருபத்தேழு நின்றன, ஆனால் உள்ளே கால் வைக்கக் கூடாது. மிச்சமிருந்த இருபத்தைந்தில் மூன்று ஷிஃப்ட் போட்டும் பாதிப் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. மற்றவர்களுக்குக் கூடாரம்தான். பள்ளிகளைத் திரும்பக் கட்டத் திட்டம் போடும் குழுவுக்கு உள்ளரங்க விளையாட்டுக் கூடத்தை ஒதுக்கினார்கள். கூரை தகரம், விழுந்தாலும் ஆள் பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. தரையில் பாட்மின்டன் கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு கோர்ட்டுக்கு நகரத்தின் ஒரு வட்டாரம் என்று ஆறு கோர்ட்டிலும் மேசைகளைப் போட்டார்கள். ஸ்கேல் சாருக்கு மூன்றாவது கோர்ட்.

“வெளிய சொல்லிடாதீங்க மாமா. கோர்ட்ல உட்கார்ந்திருக்கார்னு சொன்னா ஏதோ கேஸ்ல மாட்டிக்கிட்டார்னு நினைப்பாங்க” என்றான் மச்சினன்.

மச்சினன் டீச்சரின் ஒரே தம்பி, பஸ் டிரைவர். குடியிருந்த வீடு பாதி சரிந்துவிட்டதால் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் இவர்கள் முன்னறைக்கு வந்துவிட்டான். மகள் குளக்கரைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவளுக்கும் இவர் மாமா, அவள் அப்பனுக்கும் மாமா. “ரெண்டு தலைமுறைக்கு ஒரே மாமா. சிக்கனமான குடும்பம்” என்பான் அவன். இடிந்த ஊரில் அப்படி ஒருவன் வீட்டில் இருந்தது நல்லதாகத்தான் போயிற்று.

குழுவின் தலைவியாகத் தலைநகரிலிருந்து ஒரு திட்ட அதிகாரி வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். முதல் நாளே ஆறு கோர்ட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்: “எங்க எத்தனை பிள்ளைங்க இருக்காங்க, எங்க திரும்பக் கட்டலாம், எங்க கூடாது, எந்தப் பள்ளியை எதோட சேர்க்கலாம்னு ஆறு மாசத்துல முடிவு வேணும். விழுந்த ஒவ்வொரு கட்டடமும் ஏன் விழுந்துச்சுன்னு தனியா ஒரு பக்கம் வேணும். யார் தலையையும் உருட்டறதுக்கு இல்ல. மறுபடியும் அதையே கட்டிடக் கூடாதில்ல, அதுக்கு.”

பழைய வரைபடங்கள் விரிசல் விட்ட அலுவலகத்தின் ஆவண அறையில் இருந்தன. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவர் அரை மணி நேரம் மட்டும் உள்ளே போகலாம். ஸ்கேல் சார் போனார். தன் வட்டாரத்துத் தகரக் குழல்களை இரண்டு நடையில் வெளியே கொண்டுவந்து, முற்றத்து வேப்பமரத்தடியில் ஒவ்வொன்றாகப் பிரித்தார். குளக்கரைப் பள்ளியின் குழலில் மூன்று தாள்கள் சுருண்டிருந்தன.

முதலாவது, எண்பது வருடத்துக்கு முந்தைய நில வரைபடம். அதில் ஒரு நீலத் திட்டு இருந்தது. பள்ளி நின்ற இடத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தார். நீலத்தின் நட்டநடுவில் வந்தது. கரைகூட இல்லை, நடுக்குளம். குளக்கரைத் தெரு, குளக்கரை பஸ் நிறுத்தம், குளக்கரைப் பள்ளி என்று நாளைக்கு நூறு தடவை சொல்கிற ஊரில், குளம் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

இரண்டாவது தாள் கீழ்த்தளம், யாரோ போட்டது. மூன்றாவது, பதினோரு வருடத்துக்கு முன் மேல் மாடி எழுப்பியபோது போட்டது. எழுத்து அவருடையது.

அந்த மாடியைக் கேட்டு வாங்கியதே டீச்சர்தான். அப்போது ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடந்தது. ஒரு மூலையில் வாய்ப்பாடும் மறு மூலையில் பாட்டுமாகக் காது கிழியும். மூன்று வருடம் அலைந்து மேல் மாடிக்கு உத்தரவு வாங்கினார். வரைபடம் கணவர் மேசைக்கு வந்தது. கீழ்த்தளத் தூண்கள் ஒரு கூரையை மட்டும் தாங்கப் போட்டவை என்று அவருக்குப் பட்டது. நிச்சயமாகத் தெரியாது. கணக்குப் போடுவது அவர் வேலை இல்லை. ஒரு தூணின் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு மேலே அனுப்பினார். பொறியாளர் கூப்பிட்டார்.

“என்ன சார் இது? வரைபடத்துல கேள்வியா? அதுல பதில்தான் இருக்கணும். அழிச்சுட்டுக் கொண்டாங்க.”

அழித்துவிட்டுக் கொண்டுபோனார். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

இப்போது அந்தத் தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ரப்பர் தேய்த்த இடம் மட்டும் மங்கலாக இருந்தது. அதற்குள் பென்சில் அழுத்திய தடம், கொக்கிபோல் வளைந்து, கீழே ஒரு புள்ளியோடு தெரிந்தது. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில் இருந்த காவலாளிதான், “சார், வெயில் ஏறுது” என்று கூப்பிட்டார்.

அந்த வாரமே பள்ளித் திடலில் துளை போட்டு மண்ணைச் சோதித்தார்கள். நாலு மீட்டரில் கறுப்புச் சேறு வந்தது. அதில் நத்தை ஓடுகள் முழுசாக இருந்தன.

டீச்சர் அதே திடலின் மறுகோடியில், கூடாரத்தில் வகுப்பு நடத்திக்கொண்டே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சின்னப் பள்ளிகளையெல்லாம் மூடிப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. ‘அதே இடத்தில் அதே பள்ளி’ என்று மேலே எழுதி, கீழே நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் அந்தத் தாள்களைத் தரையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்கேல் சார் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“டீச்சர், அந்த இடத்துல கட்ட முடியாது.”

“யார் சொன்னா?”

“மண்ணு சொல்லுது. அடியில சேறு. அது பழைய குளம்.”

“நல்லா இருக்கு. நாப்பது வருஷமா வாய் திறக்காத மண்ணு, மூடணும்னு நீங்க நினைச்சதும் பேசுதாக்கும்.”

அவர் பழைய நில வரைபடத்தைப் பிரித்துக் காட்டினார். நத்தை ஓடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்தார். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

“இன்னொண்ணும் சொல்லணும்” என்றார் ஸ்கேல் சார். மூன்றாவது தாளை எடுத்தார். கேள்விக்குறியைச் சொன்னார். அழித்ததைச் சொன்னார். சொல்லி முடிக்க நாலைந்து வாக்கியம்தான் ஆயிற்று.

“பதினோரு வருஷம்” என்றார் டீச்சர். “தினம் காலையில படிக்கட்டுல நின்னு ஏத்திவிட்டேன். வரிசையா போங்க, தள்ளாதீங்க, மெதுவா ஏறுங்கன்னு. என் கையாலயே ஏத்திவிட்டேன். என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ அவ்வளவு ஆசையா இருந்த...”

“அதை என் ஆசை தலையில கட்டாதீங்க.”

அவர் தலை குனிந்தார். “இல்ல. பயம்தான். பயம்கூட இல்ல, அவர் படிச்சவர், நாம வெறும் கோடு போடுறவன், நமக்கென்னன்னு இருந்துட்டேன்.”

டீச்சர் கையெழுத்துத் தாள்களை வாரிக்கொண்டு எழுந்துபோனார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் தம்பி மகள் வழியாகச் சொல்லியனுப்பினார். “மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு.” “மாமாகிட்ட சாவி எங்கன்னு கேளு.” நாலாவது நாள் அந்தக் குட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே இருக்கீங்க? எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு” என்றாள். மச்சினன் சிரிப்பை அடக்க வெளியே போனான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

பத்தாவது நாள் டீச்சர் நேராகச் சொன்னார்: “நாளைக்குப் பெற்றோர் கூட்டம். நீங்க வரணும். குளத்தையும் சொல்லணும், மத்ததையும் சொல்லணும். நான் உங்களுக்காகப் பேச மாட்டேன்.”

கூடாரத்துக்குள் இருநூறு பேர் இருந்தார்கள். முன் வரிசையில், ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து ஆயாம்மா உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடத்தில் ஸ்கேல் சார் நாலு பேருக்கு மேல் கூடிய இடத்தில் பேசியதில்லை. குளத்தைப் பற்றிச் சொன்னபோது முணுமுணுப்பு எழுந்தது. கேள்விக்குறியைப் பற்றிச் சொன்னபோது அதுவும் நின்றுவிட்டது.

“யாருய்யா அந்த இன்ஜினியர்?” பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“அவர் தவறிட்டார்.”

“அதானே பார்த்தேன்! செத்தவன் தலையில போட்டுட்டு நீங்க கையைக் கழுவிடலாம்னா?”

“அவர் மேல போடல. கேள்விக்குறி போட்டது நான், அழிச்சதும் நான். அழிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.”

கூட்டத்தில் ஏதேதோ குரல்கள். யாரோ ஒருவர் எழுந்து முன்னால் வரப் பார்த்தார், பக்கத்திலிருந்தவர் பிடித்து உட்கார வைத்தார். அப்போது ஆயாம்மா வாயைத் திறந்தார்.

“எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நான் எட்டு மணிக்கு வந்திருப்பேனே சார்.”

அது வேடிக்கையா குத்தலா என்று யாருக்கும் புரியவில்லை. ஆயாம்மா முகத்திலிருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரே தொடர்ந்தார்: “சரி, போனது போச்சு. நீங்க அழுதாலும் எனக்குக் கால் முளைக்காது. புதுசா ஒரு பள்ளிக்கூடம் வந்தா அங்க எனக்கு வேலை உண்டா இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

டீச்சர் எழுந்தார். “உண்டு. அதுக்கு நான் பொறுப்பு” என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, “அதே இடம் வேணும்னு உங்ககிட்ட கையெழுத்து வாங்கினது நான். அது தப்பு. இந்தச் சேத்து மேல இனி ஒரு செங்கல்லும் வைக்க விடமாட்டேன். ஆனா பள்ளிக்கூடம் கேட்டது தப்பில்ல. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போய்ப் படிங்கன்னா நம்ம பிள்ளைங்க போகாது. இந்தப் பக்கமே வேணும்” என்றார்.

அதிகாரியின் பட்டியலில் குளக்கரைப் பள்ளிக்கு நேராக, ‘நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள பெரிய பள்ளியுடன் இணைக்கலாம், தூரம் 380 மீட்டர்’ என்று இருந்தது. அந்த 380 ஸ்கேல் சாரே ஸ்கேல் வைத்து அளந்து கொடுத்ததுதான். மறுநாள் காலை மச்சினன் மகளைப் புத்தகப் பையோடு கூட்டிக்கொண்டு அந்தத் தூரத்தை நடந்து பார்க்கப் போனார். ஆறு வழிச் சாலையின் ஓரம் வந்ததும் அவள் நின்றாள். லாரிகள் விர்விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. நடுவே இடுப்பளவு தடுப்புச் சுவர்.

“மாமா, இப்ப எப்படி அந்தப் பக்கம் போறது?”

சிக்னல் இருக்கும் இடம்வரை போய், கடந்து, மறுபுறம் அதே அளவு திரும்பி வர வேண்டும். நடந்தார்கள். அவள் நடைக்கு முப்பத்தோரு நிமிடம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை பையை இவர் வாங்கிக்கொண்டார். அடுத்த மூன்று நாளும் கூடாரத்திலிருந்து வேறு வேறு பிள்ளைகளை அவரவர் அம்மாவோடு நடக்கவிட்டுக் கடிகாரம் பார்த்தார். இருபத்தேழு நிமிடத்துக்குக் குறைந்து யாராலும் போக முடியவில்லை. ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதினார்: வரைபடத்தில் எவ்வளவு தூரம், காலில் எவ்வளவு நேரம்.

அதிகாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் நெற்றியைத் தேய்த்தார். “மத்த இடத்துலயும் இப்படித்தான் இருக்குமா?”

“தெரியலையே மேடம். நாங்க எல்லாரும் உட்கார்ந்த இடத்துல இருந்துதான் அளந்தோம்.”

அடுத்த மூன்று வாரம் ஆறு கோர்ட்டும் காலியாகக் கிடந்தது. குழு முழுக்க, அதிகாரி உட்பட, காலையும் மாலையும் பிள்ளைகளோடு நடந்தது. ஒரு பிள்ளை கால்வாயின் மேல் போட்ட குழாயில் நடந்து குறுக்கே போகிறது என்று ஒருவர் எழுதினார். ஒரு தெருவில் நாய்கள் இருப்பதால் எல்லாப் பிள்ளைகளும் சுற்றிப் போகின்றன என்று இன்னொருவர். இணைக்கலாம் என்று முதலில் எழுதியிருந்த பதினாலு பள்ளிகளில் ஒன்பதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். குளக்கரைப் பள்ளி அந்த ஒன்பதில் ஒன்று.

சரி, இந்தப் பக்கம்தான் என்றால் எங்கே? கண்ணுக்கெட்டிய தூரம் வீடுகள். காலியாக இருந்தது ஒரே இடம்தான். போக்குவரத்துத் துறை பிடித்துவைத்த வண்டிகளை நிறுத்தும் முற்றம். கண்ணாடி இல்லாத கார்கள், செடி முளைத்த வேன்கள், துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இருசக்கர வண்டிகள். துளை போட்டுப் பார்த்தார்கள், ஒன்றரை மீட்டரிலேயே கெட்டி மண். ஆனால் துறை இடத்தைத் தர மறுத்துவிட்டது.

டீச்சர் படியேறத் தொடங்கினார். பதினோரு முறை போனார். ஓய்வு பெற அவருக்கு அப்போது நாலு மாதம்தான் இருந்தது.

“அம்மா, இதுல சில வண்டிக்கு இருபது வருஷமா வழக்கு நடக்குது. அது முடியாம எங்களால நகர்த்த முடியாது” என்றார் அந்த அலுவலகத்து மேலாளர்.

“இருபது வருஷம் எங்க பிள்ளைங்க காத்திருந்தா, அவங்க தங்களோட பிள்ளைங்களைச் சேர்க்கத்தான் சார் இங்க வருவாங்க.”

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இடம் வரவில்லை. வழி சொன்னது மச்சினன்தான். “அக்கா, அவங்களுக்கு வண்டி நிறுத்த ஒரு இடம், அவ்வளவுதானே? எங்க டிப்போ பின்னாடி புல்லு முளைச்சுக் கிடக்கு. மாடுகூட மேயறதில்ல. கேட்டுப் பாரேன்.” டிப்போ மேலாளரையும் போக்குவரத்துத் துறை மேலாளரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார் டீச்சர். பன்னிரண்டாவது தடவை இடம் கிடைத்தது.

ஆறாவது மாதம் அறிக்கை எழுதும் வேலை வந்தது. குளக்கரைப் பள்ளி ஏன் விழுந்தது என்ற பக்கத்தை ஸ்கேல் சார் தானே எழுதினார். எல்லாவற்றையும் எழுதி, அடியில் தன் பெயரையும் பதவியையும் போட்டார். அதிகாரி அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“உங்க பேரு எதுக்கு சார்? ‘வரைவின்போது எழுந்த ஐயம் பதிவு செய்யப்படவில்லை’ன்னு எழுதினா போதும். இதை இப்படியே அனுப்பினா விசாரணை வரும்.”

“ஐயம் தானா எழுந்துக்காது மேடம். ஒருத்தனுக்கு வரும், அவன்தான் அதை அடக்குவான். ஆளே இல்லாம எழுதினா, படிக்கிறவங்களுக்கு யாரைத் திருத்தணும்னு தெரியாது.”

விசாரணை வந்தது. கண்டனக் கடிதம் வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இரண்டாவது கோர்ட்டில் இருந்தவர், இருபது வருடம் சேர்ந்து டீ குடித்தவர், அதற்குப் பிறகு தனியாகப் போய்க் குடித்தார். அது ஸ்கேல் சாருக்குக் கடிதத்தைவிட அதிகமாக வலித்தது.

ஒரு மாதம் கழித்து அதே மனிதர் இவர் மேசைக்கு வந்து நின்றார். கையில் ஒரு சுருள். “என்கிட்டயும் ஒண்ணு இருக்கு” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. “பேசாம இருந்துடலாம்னுதான் பார்த்தேன். முடியல.”

அவரைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்கள். கூரை எடை, கம்பி அளவு, அஸ்திவார ஆழம் என்று எப்போதோ மனதில் உறுத்தியதும் சொல்லாமல் விட்டதுமான சமாசாரங்கள். அவற்றில் இரண்டு, விழாமல் நின்று இப்போது மூன்று ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்த பள்ளிகளைப் பற்றியவை. அதிகாரி அன்றைக்கே ஆள் அனுப்பித் தூணைத் துளைத்துப் பார்க்கச் செய்தார். அந்த வாரமே ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைக் கூடாரத்துக்கு மாற்றினார்கள். பெற்றோர் திட்டினார்கள், நல்ல கட்டடத்தை விட்டு எதற்கு இந்த வெயிலில் என்று. ஸ்கேல் சார் அந்தத் திட்டைக் கேட்கவென்றே ஒருமுறை அந்தப் பக்கம் போய்வந்ததாக மச்சினன் சொல்வான்.

இப்போது அந்த நகரத்தில் பள்ளி வரைபடம் எதுவானாலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைகிறவருக்கு உள்ள சந்தேகத்தை அதில் மையால் எழுத வேண்டும். பொறியாளர் மையால் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதில் இல்லாத தாள் அடுத்த மேசைக்குப் போகாது. அதைச் சேர்க்கச் சொல்லி எழுதியவர் திட்ட அதிகாரி.

வண்டி முற்றத்தில் பள்ளி எழ இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மாடி இல்லை, நாலு கட்டடமாகப் பரப்பிய ஒரே தளம், எல்லா வாசலுக்கும் சரிவுப் பாதை. பெயரை மாற்றலாமா என்று கேட்டபோது ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். குளமும் இல்லை, கரையும் இல்லை, குளக்கரைப் பள்ளிதான். டீச்சர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். தான் அலைந்து வாங்கிய பள்ளியில் தலைமையாசிரியை நாற்காலியில் அவர் ஒரு நாளும் உட்காரவில்லை. முதல் நாள் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு வாசலுக்கு வெளியே நின்றார். ஸ்கேல் சாரும் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். ஆயாம்மா உள்ளே, செயற்கைக் காலோடு, புது விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் விரட்டுகிற தோரணையில் நின்றார்.

மணி அடித்தது. பெரிய பிள்ளைகள் உள்ளே போனார்கள். சின்னப் பிள்ளைகள் வகுப்பு வாசல்வரை வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். சில பேர் மேலே பார்த்தார்கள். ஒரு பையன் அழ ஆரம்பித்தான். அழுகை வரிசை முழுக்கப் பரவியது. கூடாரத்துத் துணிக்குக் கீழேயே எழுத்துப் படித்தவர்கள் அவர்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழே உட்காரச் சொன்னால் கால் வரவில்லை. ஆறு மாதத் திட்டத்தில், முந்நூறு பக்க அறிக்கையில், இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

புதுத் தலைமையாசிரியை ஓடிவந்து டீச்சரைப் பார்த்தார். “என்னக்கா செய்யறது? கையைப் பிடிச்சு இழுக்கவும் மனசு வரல.”

“இழுக்காதே. பாயை வெளிய போடு. பாடம் வெளியவே நடக்கட்டும்.” டீச்சர் சற்று யோசித்தார். “குடிக்கிற தண்ணி எங்க இருக்கு?”

“வராந்தாவுல.”

“அதைத் தூக்கி வகுப்புக்குள்ள கடைசிச் சுவர் ஓரமா வை. கதவு ரெண்டும் திறந்தே இருக்கட்டும்.”

ஸ்கேல் சாரும் மச்சினனும் தண்ணீர் டிரம்மைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். முதல் நாள் பிள்ளைகள் ஓடிப்போய்க் குடித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மூன்றாம் நாள் நடந்து வந்தார்கள். ஐந்தாம் நாள் இரண்டு பேர் உள்ளேயே நின்று தண்ணீரை ஒருவர்மேல் ஒருவர் துப்பி விளையாடியதற்காக ஆயாம்மாவிடம் வசை வாங்கினார்கள். இரண்டாவது வாரம் வெயில் கடுமையாக அடித்தது. பாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

மச்சினன் மகள் அப்போது நாலாம் வகுப்பு. அவளுக்கு மட்டும் இன்னும் நாளாயிற்று. மேல் மாடி விழுந்து கிடந்ததை அப்பனின் தோளில் உட்கார்ந்து நேரில் பார்த்தவள். வாசற்படியில், பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்துதான் எழுதுவேன் என்றாள். ஆசிரியை அங்கேயே ஒரு சின்ன மேசையைப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு நாள் மாலை ஸ்கேல் சார் அவளைக் கூட்டிப்போக வந்தார். “ஏன்டா, இன்னும் உள்ள போகலையா? தூணெல்லாம் நானே நின்னு பார்த்தது. பயப்படாதே.”

அவள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே கேட்டாள்: “உங்களுக்கு நல்லாத் தெரியுமா மாமா?”

அவர் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். தூணுக்குள் எத்தனை கம்பி, எவ்வளவு கனம், யார் கணக்குப் போட்டார்கள், அதை யார் திரும்பச் சரிபார்த்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். தனக்குத் தெரியாதது எது, அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பதையும் சொன்னார். அவள் பென்சிலைக் கடித்தபடி முழுவதையும் கேட்டாள்.

“சரி. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்” என்றாள்.